கட்டிப்போட்ட கப்பலின் அடிப்பாகம்: ஸ்டாக்ஹோமின் ஆஃப் சாப்மன்

பழைய கப்பலை ஹோட்டலாக மாற்றும் பேச்சு எழுந்தால், எத்தனை அறை வரும், சமையலறை எங்கே, டெக்கில் உணவகம் போடலாமா என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். கப்பலின் உடல்நிலையைச் சோதிக்கும் சர்வேயரான நான் கேட்கும் முதல் கேள்வி வேறு. கடைசியாக இதை எப்போது டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டு அடிப்பாகத்தைப் பார்க்கும் தளத்தில், ஏற்றினார்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் அறைகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இது நன்றாக நடந்த ஓர் இடம் ஸ்டாக்ஹோம். நகரின் நடுவே ஷெப்ஸ்ஹோல்மன் தீவை ஒட்டி, வெள்ளை வெளேரென்று மூன்று பாய்மரங்களோடு நிற்கிறது 'ஆஃப் சாப்மன்'. 1888-ல் இங்கிலாந்தின் வைட்ஹேவனில் 'டன்பாய்ன்' என்ற பெயரில் நீரில் இறங்கிய எஃகுக் கப்பல் அது. நீராவிக் கப்பல்கள் கடலைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் நிலக்கரி நிரப்ப இடமில்லாத நெடுந்தூர வழிகளில் பாய்மரத்துக்கு இன்னும் பிழைப்பு இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் இந்தக் கப்பல் சரக்கு சுமந்தது.

அப்புறம் நார்வேக்காரர்கள் கைக்குப் போனது. 1915-ல் ஸ்வீடனின் டிரான்ஸ்அட்லாண்டிக் கம்பெனி வாங்கி, 'ஜி. டி. கென்னடி' என்று பெயர் மாற்றி, இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. 1923-ல் ஸ்வீடிஷ் கடற்படை எடுத்துக்கொண்டு இப்போதைய பெயரை வைத்தது. கப்பல் கட்டுவதைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்கும் அளவைக்கும் கொண்டுவந்தவர்களில் முன்னோடியான ஃபிரெட்ரிக் ஹென்ரிக் ஆஃப் சாப்மனின் பெயர் அது. 1934-ல் கடைசி நெடும்பயணம். உலகப்போரின்போது வீரர்கள் தங்கும் பாசறை. உடைத்து இரும்பாக விற்கும் நிலைக்கு வந்தபோது, 1947-ல் ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகம் தலையிட்டுக் காப்பாற்றியது. 1949-ல் ஸ்வீடிஷ் சுற்றுலாச் சங்கத்தின் விடுதியாகத் திறந்தது. கடலில் ஓடிய காலத்தைவிட விடுதியாக நிற்கும் காலமே இன்றைக்கு அதிகம்.

ஓடும் கப்பலுக்கு ஒரு கட்டாயம் உண்டு. வணிகக் கப்பலின் அடிப்பாகத்தை ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை பார்த்தாக வேண்டும். கரையோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டாலோ, பல நாடுகளில் அதைக் கட்டடம் போலவே நடத்துகிறார்கள். தீயணைப்புச் சான்றிதழ் கேட்பார்கள், சமையலறையின் சுத்தம் பார்ப்பார்கள். நீருக்கு அடியில் இருக்கும் தகட்டைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போய்விடும்.

துரு முதலில் பிடிப்பது நீர்க்கோட்டில். காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற அந்தப் பட்டையில் பெயிண்ட் சீக்கிரம் உரியும். ஸ்டாக்ஹோமில் குளிர்காலத்துப் பனிக்கட்டியும் அதே இடத்தில்தான் உரசும். பால்டிக் நீரில் உப்பு குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே வாழ முடியாததால்தான், அதே நகரத்தில் 1628-ல் மூழ்கிய 'வாசா' மரக்கப்பலை 1961-ல் பெரும்பாலும் முழுதாகவே தூக்க முடிந்தது. எஃகுக்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை. துரு மெதுவாகும், நிற்காது.

கரை மின்சாரமும் ஆபத்துதான். எர்த் இணைப்பைச் சரியாகப் பிரிக்காவிட்டால், கப்பலும் கரையிலிருக்கும் இரும்பும் இடையிலுள்ள தண்ணீரும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும். எஃகுக்குப் பதிலாகத் தாங்கள் கரைவதற்கென்றே அடியில் பொருத்திய காப்புத் தகடுகள் முதலில் கரையும், அவை தீர்ந்ததும் கப்பலின் எஃகே கரையத் தொடங்கும். கரையோடு நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் மின்சாரம் தரும் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். வைக்கச் சொன்னால் தள்ளிப்போடுகிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது உள்பக்கம். குளியலறை ஆவியும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராக இறங்கும். அதன் மேல் அழகாகப் பலகை அடித்து, இடையில் பஞ்சு திணித்து மூடிவிடுவார்கள். தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கலாம். பொதுவாகக் கால் பங்குக்குப் பக்கம் தேய்ந்திருந்தாலே மாற்றச் சொல்வோம். கருவியை வைக்க ஓர் இடம் கிடைத்தால்தானே அளப்பது! உள்ளே அளக்க வழியில்லாமல் நான் திரும்பிய கப்பல்கள் உண்டு. பலகைகளைக் கழற்றி மாட்டும்படி அமைத்தால் செலவு கூடும். கூடட்டும்.

மெலிந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்வதும், தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்த பழைய கப்பலுக்கு ஆகாது. சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்து, ஒழுகாத இடமும் ஒழுகத் தொடங்கும். கப்பலின் உள்ளே கசியும் நீர் தேங்கும் அடிப்பள்ளமான பில்ஜில் சிமென்ட் ஊற்றி மூடுவது அதைவிட மோசம், அடியில் நடப்பது யார் கண்ணிலும் படாது.

கவனிக்காமல் விட்டால் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு ஹொனலுலுவில் நின்ற 'ஃபால்ஸ் ஆஃப் கிளைட்' இருக்கிறது. 1878-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய நான்கு பாய்மர இரும்புக் கப்பல். அருங்காட்சியகமாக இருந்தது, தேசியச் சின்னம் என்ற பெருமையும் பெற்றது. பராமரிப்புக்குப் பணமில்லாமல் உடல் நைந்து, 2025 அக்டோபரில் ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது துக்கச் செய்தி.

ஆஃப் சாப்மனை 2006-ல் மூடி, பெரிய அளவில் பழுதுபார்த்து, 2008-ல்தான் திறந்தார்கள். அத்தனை மாத வருமானத்தை விடத் துணிந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கோத்தன்பர்க்கில் ஹோட்டலான 'வைக்கிங்' 1906-ல் கோபன்ஹேகனில் கட்டிய நான்கு பாய்மரக் கப்பல். சரக்கு ஏற்றிய காலம் முடிந்தபின் அது முதலில் பள்ளியாக இருந்தது, அறைகள் வாடகைக்கு வந்தது பிறகுதான். இப்படி ஏதாவது ஒரு வேலையும் அதற்கொரு வரவும் இருந்தால்தான் அடிப்பாகத்துக்கும் பணம் வரும். அதனால் கப்பலை ஹோட்டலாக்குவதை நான் எதிர்க்கவில்லை.

அப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால், டிரை டாக் செலவைக் கணக்கின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். இந்த நீளத்துக்கு ஏற்ற டாக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கப்பலுக்கும் அந்த டாக்குக்கும் நடுவே பாலம் ஏதாவது கட்டப் போகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பாய்மரத்தைவிடத் தாழ்வாகப் பாலம் வந்துவிட்டால், பாய்மரங்களைக் கழற்றாமல் அந்தக் கப்பலை வெளியே எடுக்க வழியில்லை.