ஃபுளோரிடாவில் வீட்டுக் கூரையை மாற்றுவதற்கு முன்: அனுமதியும் கட்டட விதிகளும்

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது பெயர்ந்து பறந்த கூரைகள், கட்டுமானத்தில் எவ்வளவு அலட்சியம் இருந்தது என்பதை அம்பலப்படுத்தின. அதன் விளைவாக உருவான மாநிலக் கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. விதி மாநிலம் முழுவதற்கும் பொது என்றாலும், அனுமதி வழங்குவதும் வேலையை ஆய்வு செய்வதும் அந்தந்த நகரத்தின் அல்லது கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கட்டடத் துறைதான். முழுக் கூரையை மாற்றுவதற்கு அனுமதி கட்டாயம். எவ்வளவு சிறிய பழுதுக்கு அது தேவையில்லை என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், பக்கத்து ஊர் நண்பரின் அனுபவத்தை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 25 சதவீத விதி. பன்னிரண்டு மாதங்களுக்குள் கூரையின், அல்லது கூரையின் தனிப் பகுதி ஒன்றின், 25 சதவீதத்துக்கு மேல் பழுதுபார்க்க நேர்ந்தால், அந்தப் பகுதி முழுவதையும் இன்றைய விதிக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்கிறது அது. 2,000 சதுர அடிக் கூரையில் இந்த வரம்பு 500 சதுர அடி. ஆனால் 2022 மே மாதத்தில் வந்த சட்டத்தின்படி, 2009 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த 2007-ஆம் ஆண்டுப் பதிப்புக்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ உட்பட்டு அமைக்கப்பட்ட கூரையில், பழுதுபார்க்கும் பகுதி மட்டும் இன்றைய விதிக்குப் பொருந்தினால் போதும். “கால்பங்குக்கு மேல் சேதம், முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும்” என்று புயலுக்குப் பின் கதவைத் தட்டும் ஒப்பந்தக்காரரிடம், உங்கள் கூரை எந்த ஆண்டு அனுமதியில் போடப்பட்டது என்று பார்த்தாரா என முதலில் கேளுங்கள்.

பழைய தனிவீடுகளில் ஷிங்கிளை (கூரைமேல் அடுக்கடுக்காகப் பதிக்கும் மெல்லிய தகடுகளை) பெயர்த்தபின் அடியிலுள்ள பலகைத் தளத்தையும் கவனிக்க வேண்டும். ஆணிகள் போதாவிட்டால், தண்டில் வளையங்கள் உள்ள ஆணிகளை அதிகபட்சம் 6 அங்குல இடைவெளியில் கூடுதலாக அடிக்க வேண்டும். மேற்பரப்பு பிய்ந்துபோனாலும் மழைநீர் உள்ளே இறங்காதபடி, பலகை இணைப்புகளின் மேல் ஒட்டுப்பட்டையோ தளம் முழுவதற்கும் இரண்டாம் நீர்த்தடுப்போ அமைக்க வேண்டும். பறக்கும் பொருள்கள் தாக்கும் அபாயமுள்ள பகுதி என வரையறுக்கப்பட்ட இடத்தில், 3,00,000 டாலருக்குக் குறையாமல் காப்பீடு செய்யப்பட்ட வீட்டில், கூரையையும் சுவரையும் பிணைக்கும் இணைப்புகளையும் வலுப்படுத்த வேண்டும். அதற்கான செலவு கூரை மாற்றும் செலவில் 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 2002-க்குப் பின் புதிய விதியின்கீழ் அனுமதி பெற்றுக் கட்டிய வீடுகளுக்கு இந்தக் கடைசி நிபந்தனை இல்லை. மயாமி-டேட், புரோவர்ட் கவுன்டிகளில் விதிகள் இன்னும் கடுமையானவை.

அனுமதி யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். தானே வசிக்கும் வீட்டுக்கு உரிமையாளரே அனுமதி பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வேலையை அவரே நேரடியாக மேற்பார்வையிட வேண்டும். உரிமம் இல்லாத ஒருவர் “நீங்களே கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள்” என்றால், பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத் தொகை 5,000 டாலரைத் தாண்டினால், வேலை தொடங்குவதற்கான அறிவிப்பு ஒன்றை முதல் ஆய்வுக்கு முன்பே கவுன்டிப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். இதை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிட வேண்டாம்: ஒப்பந்தக்காரர் ஷிங்கிள் விற்றவருக்குப் பணம் தராமல் போனால், விற்றவர் உங்கள் வீட்டின்மீது உரிமைப்பற்று (பாக்கித் தொகைக்கு ஈடாகச் சொத்தின்மீதான சட்டப்பூர்வ உரிமை) கோரலாம், அறிவிப்பைப் பதியாதவர் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்க நேரிடலாம்.

அனுமதி பெற்று 180 நாள்கள் வேலை நடக்காமல் கிடந்தால் அது காலாவதியாகும். இறுதி ஆய்வு முடியாத அனுமதி பதிவேட்டில் திறந்தே கிடந்து, பெரும்பாலும் வீட்டை விற்கும்போதுதான் தொல்லை தரும். காப்பீட்டுக்கும் இதே பதிவு பயன்படும். 15 ஆண்டுகளுக்கு உட்பட்ட கூரையை, வயதை மட்டும் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. அதைத் தாண்டியிருந்தாலும், இன்னும் 5 ஆண்டுகளாவது தாங்கும் என்று ஆய்வறிக்கை சொன்னால் வயதின் பெயரால் மறுக்க இயலாது. அந்த வயது, கூரைப் பரப்பு முழுவதும் அப்போதைய விதிப்படி கடைசியாக மாற்றப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் புதுப்பித்தால் கணக்கு மாறாது.