பதக்கத்தின் விளிம்பைத் தேய்க்காதீர்கள்

"தாத்தாவின் பணிக் கோப்பைத் தேடினோம், கிடைக்கவில்லை. ஒருவேளை அவர் போருக்கே போகவில்லையோ?" ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பழைய ராணுவ ஆவணங்களைத் தேடித் தருவது என் தொழில். ஆனாலும் இந்தச் சந்தேகத்தைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த சிப்பாய்களின் கோப்புகளை வைத்திருந்த லண்டன் கிடங்கின் மீது 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்தது. பாதிக்கும் மேல் எரிந்துபோயின. கோப்பு இல்லை என்றால் அது எரிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் இருக்கும் பதக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதன் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தில் பளபளப்பாக இருக்கட்டும் என்று அத்தை ஒருவர் ஆண்டுதோறும் மெருகு போட்டுத் தேய்த்ததில் எண்ணின் கடைசி இலக்கங்கள் மழுங்கிவிட்டன. விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு மாலை முழுவதும் பார்த்துத்தான் படித்தோம். அந்த எண்ணைக் கொண்டு லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டையை, அதாவது அவருக்குரிய பதக்கங்களைக் குறித்துவைத்த அட்டையை, கண்டுபிடித்தோம். அட்டையில் இருந்தது குடும்பத்தார் அறியாத பெயர். அவர்கள் அதுவரை தேடியது வீட்டுச் செல்லப்பெயரை.

படைப்பிரிவின் பெயரிலும் கவனம் வேண்டும். மேற்கிந்தியப் படைப்பிரிவு 1795இல் உருவான பழைய படை. பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படைப்பிரிவு 1915இல் தொடங்கப்பட்டது. சுமார் 15,600 பேர் அதில் சேர்ந்தார்கள், பெரும்பான்மையோர் ஜமைக்காக்காரர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் என்றால் வழி வேறு: பலர் விமானப் படையில் சேர்ந்தார்கள், அவர்களுக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு.

படைப்பிரிவின் உட்பிரிவான பட்டாலியனின் எண் தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைக் கேளுங்கள். தாத்தாவின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. ஆனால் அன்றன்றைக்கு அவருடைய பட்டாலியன் எங்கே இருந்தது, பிரான்சில் குண்டு சுமந்ததா, பாலஸ்தீனத்தில் சண்டையிட்டதா என்பது இருக்கும். பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படைப்பிரிவில் இறந்தவர்களில் பெரும்பாலோரை நோய்தான் கொன்றது. அதனால் கல்லறையைப் போர்முனையில் மட்டும் தேடாதீர்கள். பயிற்சி முகாம் இருந்த இங்கிலாந்தின் சீஃபோர்டிலும் கல்லறைகள் உண்டு.

நாட்குறிப்பில் இத்தாலியின் தரந்தோ என்ற ஊர்ப் பெயரைக் கண்டு சிலர் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். 1918 டிசம்பரில் அங்கே இந்தப் படைப்பிரிவினர் கலகம் செய்தார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தந்த சம்பள உயர்வை மறுத்து, மற்றவர்களின் கழிவறையைக் கழுவச் சொன்னதால் வெடித்த கோபம் அது. பலருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உங்கள் தாத்தா அங்கே இருந்திருந்தால் அதற்காக நீங்கள் தலைகுனிய ஒன்றுமில்லை. அந்தப் பக்கங்களையும் படியுங்கள்.

அதற்கு முன், வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர் என்ன, தாயின் குடும்பப்பெயரில் பதிந்தார்களா, ஊர் திரும்பிய பிறகு பலரைப் போல அவரும் வேலை தேடிக் கியூபாவுக்குப் போனாரா?