பிஸ்கட் டின்னுக்குள் வினாகிரி வாசம்

ஹட்டனில் பழைய பிலிம், வீடியோ கெசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். போன மழைக்காலத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். சொந்தமாக 8 மி.மீ. கமரா வைத்திருந்தாராம். வெட்டி ஒட்டி முடித்த ரீல் ஒன்றை மேசையில் வைத்தார். கூடவே ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் வினாகிரி வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே சுருள் சுருளாக வெட்டுத் துண்டுகள்.

"அதெல்லாம் கழிச்ச துண்டுங்க தம்பி. ரீலை மட்டும் போட்டுக் குடுங்க, டின்ன நீங்களே வீசிருங்க" என்றார்.

எனக்கு வீச மனம் வரவில்லை. ரீலில் இருந்தது தேர்த்திருவிழா, தோட்டத்துத் துரைக்கு மாலை போடுவது, மேடைப் பேச்சு. கழித்த துண்டுகளில்தான் தோட்டம் இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு காத்து நிற்கும் பெண்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பேத்திக்குத் தலை சீவும் பாட்டி. கமராவைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் ஒரு பெண். படம் எடுத்தவருக்கு அவையெல்லாம் சரியாக வராத காட்சிகள்.

எது கழிவு என்று அந்தக் காலத்தில் எடுத்த முடிவுகளால் உலகமே நிறைய இழந்திருக்கிறது. பிரான்சில் சினிமாவின் முன்னோடி மெலியேஸ், நொடித்துப்போன நிலையில் 1923இல் தன் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். நாடாக்கள் விலை கூடியவை என்பதால் பி.பி.சி. தன் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அவற்றின் மேலேயே புதியவற்றைப் பதிந்தது. அதன் 'டொக்டர் ஹூ' என்ற அறிவியல் கதைத் தொடரில் மட்டும் 90க்கு மேற்பட்ட பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. பாட்டுப் புத்தகம்தான் மிஞ்சியது. அதனால் தியேட்டர் நோட்டீஸ், போஸ்டர், கையால் வரைந்த பெனர் எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

நம் இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாகின. தேயிலைக்கு விளம்பரம் தேடி 1934இல் வெள்ளைக்காரர்கள் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படம் பிரிட்டனில் பத்திரமாக இருக்கிறது. நம் ஆட்களே நம் ஆட்களை எடுத்தது இப்படி டின்னிலும் சாக்கிலும் கிடக்கிறது.

அந்த வாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வினாகிரியில் இருப்பதும் அதுதான். அமிலம் கூடக் கூடச் சிதைவும் வேகமாகிறது. மூடிய டின்னில் அது வெளியே போக வழியில்லாமல் பிலிமையே தின்கிறது, பக்கத்துச் சுருளுக்கும் தொற்றுகிறது. பிலிம் சுருங்கி நெளிந்து, கடைசியில் படம் பதிந்த பூச்சு உரிந்துவிடும். வாசம் வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஸ்கேன் பண்ண இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

நம் மலைக்குளிர் பிலிமுக்கு நல்லது. ஈரம்தான் எதிரி. வீட்டில் செய்யக்கூடியது: டின்னிலிருந்தும் பொலித்தீனிலிருந்தும் எடுத்து, காகித உறையில் போட்டு, அலுமாரியின் நடுத் தட்டில் வையுங்கள். அடுப்படி அட்டாலி வேண்டாம், ஈரம் ஊறும் சுவரோரமும் வேண்டாம். வாசம் வருவதைத் தனியே பிரித்து வையுங்கள். பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. சுருங்கிய பிலிமைப் பற்சக்கரம் கிழித்துவிடும்.

வீ.எச்.எஸ். கெசட்டின் கண்ணாடி வழியாக வெள்ளையாகத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடாதீர்கள். தொழில் தொடங்கிய காலத்தில் அவசரப்பட்டு நான் போட்டேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, நாடா கசங்கி, ஒரு குடும்பத்தின் கல்யாணத்தில் தாலி கட்டும் இடமே போயிற்று. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிய டெக் வாங்கவும் வழியில்லை, 2016இல் உலகத்திலேயே கடைசி உற்பத்தியும் நின்றுவிட்டது. ஓடுகிற டெக் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அசலை வீசாதீர்கள். பென் டிரைவ் ஒரே நாளில் செத்துப்போகும்.

சரி, அந்த டின்னுக்கு வருகிறேன். துண்டுகளை ஸ்கேன் பண்ணி அவரிடம் போட்டுக் காட்டினேன். முந்தானையால் வாயை மூடும் பெண் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இது எங்க சின்னம்மாங்க." தோட்டத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர். தலைமன்னாருக்கு ரயிலேற்றிவிட்டதோடு சரி, வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையாம். திரையில் அவர் நிற்பது ஏழு விநாடி. நாலு தடவை போடச் சொன்னார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அட்டாலியில அப்பாட இன்னொரு டின் இருந்திச்சே, அது இருக்கா? யாரையும் தொட விடாதீங்க, நான் வாறேன்."