வீட்டில் பன்றிக்கறி சமைப்பவர்களுக்கு ஒரு கால்நடை மருத்துவர் சொல்வது

போன மாதம் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்கு நாய்க்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வாசல்படி ஏறும்போதே வாசனை வந்துவிட்டது, வெண்பன்னிக் கறி. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் நாயைப் பற்றிப் பேசவே இல்லை. "டாக்டர், பத்து விசில் விட்டுட்டேன், பூச்சி எல்லாம் செத்துடும்ல?" என்றுதான் கேட்டார். குக்கரைத் திறந்தும் காட்டினார். கறி நார் நாராகப் பிரிந்து கிடந்தது, தோல் கரைந்தே போயிருந்தது, குழம்புக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குக் கொழுப்பு நின்றது. "பயந்து பயந்துதான் செய்யறேன், பசங்களுக்கு இதுதான் பிடிக்குது" என்றார்.

அதே வாரம் காட்பாடிப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் பசங்கள் கரி மூட்டி, பெரிய பெரிய துண்டாகக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். வெளியே கருகல், நடுவில் பச்சைக் கறி, தொட்டால் சூடுகூட இல்லை.

இருபது வருடமாக வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் மாடு, ஆடு, பன்றி என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்றிக்கறி விஷயத்தில் இந்த இரண்டு வகைச் சமையலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு பக்கம் பயத்தில் கரைத்துவிடுகிறார்கள், இன்னொரு பக்கம் அவசரத்தில் பச்சையாக விட்டுவிடுகிறார்கள். இந்தக் கறிக்கு ருசி கொடுக்கிற அதே நிதானமான தீதான் அதைப் பயமில்லாமல் சாப்பிடவும் வைக்கிறது, இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பூச்சி. பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் பூச்சி வரும் என்று நம் ஊரில் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். பாதி உண்மை, ஆனால் எந்தப் பாதி உண்மை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பன்றியின் சதைக்குள் நாடாப்புழுவின் கூடு இருக்கலாம், நீர் கோத்த சின்னப் பை மாதிரி, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளம், உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தக் கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் அந்தப் புள்ளி நம் குடலில் போய் ஒட்டிக்கொண்டு, இரண்டு மாதத்தில் மீட்டர் கணக்கில் நீளமான புழுவாக வளர்கிறது. குடலில்தான் வளர்கிறது, மூளையில் இல்லை. அப்புறம் அந்த ஆளின் மலத்தில் அதன் முட்டைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறுகின்றன. அந்த முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் மூளையில் கூடு கட்டும், அதனால் வலிப்பு வரும். கழிவறைக்குப் போய்விட்டுக் கையை ஒழுங்காகக் கழுவாமல் சோறு பிசைந்து ஊட்டுகிற கை, மலம் கலந்த தண்ணீர், கழுவாமல் பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, வெள்ளரிக்காய், முள்ளங்கி, இவைதான் அந்த முட்டை வருகிற வழி. பன்றியும் திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்றுதான் அதை வாங்கிக்கொள்கிறது. அதாவது பன்றிக்கு நம்மிடமிருந்துதான் வருகிறது.

அதனால்தான் கோழி முட்டைகூடத் தொடாத சைவ வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வலிப்பு வருகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்கு வந்தது. அவன் அம்மா என்னிடம் அழுதுகொண்டே, "வெளியே போய் யாராவது பன்னி கொடுத்துட்டாங்களோ" என்று கேட்டார். அந்தக் குடும்பம் பட்ட வேதனையில் பாதி அந்தச் சந்தேகத்தால் வந்ததுதான். நோயைவிட அது என்னை அதிகம் உறுத்தியது.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கு மருந்து கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்த நாடாப்புழுவின் கூடுதான் என்று 1980களின் கடைசியில் திசுவை எடுத்துப் பரிசோதித்துக் காட்டியவர்கள் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள். பிறகு நம் மாவட்டத்திலேயே ஐம்பதாயிரம் பேரைக் கணக்கெடுத்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இதுதான் என்று தெரிந்தது. கிராமம், நகரம் இரண்டிலும் இருந்தது. ஆகவே கறி சாப்பிடாதவர்களும் இந்த இடம் வரைக்குமாவது படித்துவிடுங்கள். மலத்தில் சேமியாத் துண்டு மாதிரி, தட்டையான வெள்ளை நாடா மாதிரி ஏதாவது தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். சரியான மருந்து இருக்கிறது. ஆனால் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடக் கூடாது, மூளையில் கூடு இருக்கிறவர்களுக்குச் சில புழு மருந்துகள் வலிப்பைக் கிளப்பிவிடும்.

சரி, கடைக்கு வருவோம். கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த பன்றியா, தெருவில் மேய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கறி வெளிர் சிவப்பாக, கொழுப்பு வெள்ளையாகக் கெட்டியாக இருக்க வேண்டும், அழுத்தினால் பள்ளம் மீள வேண்டும். வெட்டிய பக்கத்தில் அரிசி மணி மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம். ஒருமுறை ஒடுக்கத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் பன்றி நாக்கை அறுத்துப் பார்த்தேன், மாதுளை முத்து அடுக்கினது போல வரிசையாக இருந்தன. கடைக்காரர் அதுவரை அதைக் கொழுப்பு என்றே நினைத்திருக்கிறார். கையோடு அந்தப் பன்றியின் முழு உடம்பையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வைத்தேன். அவருக்கு நஷ்டம்தான், ஆனாலும் மறுபேச்சுப் பேசவில்லை.

இன்னொரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. "எவ்வளவு மசாலா போட்டாலும் ஒரு மூத்திர வாடை போக மாட்டேங்குது டாக்டர்." அது சமையல் குற்றமே கிடையாது. காயடிக்காத ஆண் பன்றி வயசுக்கு வந்த பிறகு அதன் கொழுப்பில் சேருகிற வாடை அது. எலுமிச்சை, வினிகர், பட்டை, கிராம்பு எதற்கும் மசியாது, சூடு ஏற ஏற இன்னும் கிளம்பும். குட்டியாக இருக்கும்போதே காயடித்ததா என்று கேளுங்கள், இல்லையென்றால் பெண் பன்றிக் கறியாக வாங்குங்கள். வளர்ப்பவர்களிடம் நான் சொல்வதும் இதேதான், பிறந்த இரண்டு வாரத்துக்குள் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இப்போது சட்டிக்கு. வறுவலுக்கும் குழம்புக்கும் முன்னங்கால் சப்பையும் வயிற்றுப் பக்கமும்தான் சரி. முதுகுச் சதை பார்க்க அழகாக இருக்கும், கொழுப்பு இல்லாததால் குழம்பில் போட்டால் வறண்டு சக்கையாகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் தோல், கொழுப்பு, சதை மூன்றும் இருக்கும்படி ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். தோலில் கருகின மயிர் இருந்தால் கத்தியால் சுரண்டிவிடுங்கள். குழாயடியில் பிடித்துக் கழுவினால் சாரல் அடித்து, பக்கத்தில் இருக்கும் தட்டு, தக்காளி எல்லாவற்றிலும் படும், அதனால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசி, அந்தத் தண்ணீரை மெதுவாகக் கொட்டுங்கள்.

ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு பிசறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் அடிகனமான சட்டியில், எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றாமல், கறியைப் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் கறி வெளுத்துத் தண்ணீர் விடும், கொதிக்கும், நுரை வரும், எடுத்துவிடலாம். தண்ணீர் சுண்டச் சுண்டச் சத்தம் மாறும், களகளவென்று இருந்தது சிடுசிடுவென்று ஆகும். அந்தச் சத்தம் மாறுகிற இடம்தான், கொழுப்பு உருகி வெளியே வந்துவிட்டது, இனி கறி தன் கொழுப்பிலேயே பொரியப்போகிறது என்பதற்கு அடையாளம். தோல் பக்கம் பொன்னிறமாகும் வரை பிரட்டிவிட்டு, தேவைக்கு மேலே நிற்கிற கொழுப்பைக் கரண்டியால் மொண்டு ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து வையுங்கள். கொட்டிவிடாதீர்கள்.

மீதிக் கொழுப்பில் கால் கிலோ சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, கறிவேப்பிலை, சோம்பு, இரண்டு பச்சை மிளகாய், வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகு மல்லித்தூள், கொஞ்சமாக மிளகாய்த்தூள். மசாலாவின் வாசனை கொழுப்பில்தான் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மசாலா அந்தக் கொழுப்பில் வறுபட வேண்டும். பிறகு இரண்டு டம்ளர் வெந்நீர், மூடி, சிறுதீ, ஒரு மணி நேரம். அரை மணியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும், பலர் இங்கேதான் பயந்து தீயை ஏற்றுகிறார்கள். ஏற்றாதீர்கள். தோலுக்கடியிலும் சதைக்கு நடுவிலும் இருக்கிற சவ்வு நிதானமான சூட்டில்தான் இளகிப் பசையாகும், தளபுளவென்று கொதிக்கவிட்டால் சவ்வு இளகுவதற்குள் சதை சுருங்கிச் சாறெல்லாம் வெளியே போய்விடும். குக்கர்தான் வசதி என்றால் மூன்று விசில், அழுத்தம் தானாக இறங்கட்டும், பிறகு திறந்து சுண்டவிடுங்கள். குக்கருக்குள் 120 டிகிரி வரை சூடு போகிறது, நாடாப்புழுக் கூடு 65 டிகிரியைக்கூடத் தாங்காது, ஆகவே பத்து விசிலுக்குத் தேவையே இல்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் அப்போதே இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி. மிளகை முதலிலேயே போட்டால் காரம் மட்டும் தங்கி மணம் ஆவியோடு போய்விடும். குழம்பாக வேண்டும் என்றால் கொஞ்சம் தண்ணீர் கூட விட்டுத் தேங்காய் அரைத்து ஊற்றலாம், கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வேறு ஊர்க்காரர்களின் பக்குவத்தையும் பாருங்கள், எல்லோரும் கொழுப்பின் திகட்டலைப் புளிப்பால்தான் அடக்குகிறார்கள். குடகில் மல்லி, சீரகம், மிளகு, வெந்தயத்தைக் கறுக்க வறுத்துப் பொடித்துப் போட்டு, கடைசியில் கச்சம்புளி என்கிற கறுப்புப் புளிக்காடியைச் சேர்ப்பார்கள். கோவாவின் விண்டாலு போர்த்துக்கீசியர் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தது, பூண்டும் வினிகரும்தான் அதன் உயிர். நாகாலாந்துக்காரர்கள் புளிக்க வைத்த மூங்கில் குருத்தோடு வேக வைப்பார்கள், எண்ணெயே தேவைப்படாது. அங்கிருந்து புகையில் காயவைத்த கறி கொண்டுவருகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். புகை பட்டதால் வெந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது சில்லி போர்க், கம்பியில் சுடுவது, கொத்துக்கறி உருண்டை, இந்த மாதிரி வேக வேகமாகச் செய்கிற வகைகளுக்குத்தான். பெரிய தீயில் மேல் பக்கம் சிவந்துவிடும், உள்ளே எட்டாது. முதலில் வேக வைத்து எடுத்துவிட்டுப் பிறகு வறுங்கள் அல்லது சுடுங்கள், ருசியும் கூடும். அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் இறக்கிய பிறகு மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று சொன்னது, கொத்துக்கறிக்கு 71. நம் ஊரில் பன்றி எங்கே வளர்ந்தது என்று எப்போதும் தெரிவதில்லை என்பதால் நான் இரண்டுக்குமே 71 என்றுதான் சொல்வேன். கறியில் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக்குப் பிசையும்போது உப்பு பார்க்கப் பச்சைக் கறியை நாக்கில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், துளியூண்டு பொரித்துப் பாருங்கள். கறி வெட்டின பலகையிலேயே வெங்காயப் பச்சடிக்கு நறுக்காதீர்கள்.

பன்றிக் காய்ச்சல் பற்றி இரண்டு வரி. 2009இல் பரவிய ஃப்ளூ மூச்சுக்காற்றில் வந்தது, வெந்த கறியால் வராது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடுவதே இல்லை, ஆனால் பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும். அதனால் கறி கழுவின தண்ணீரையும் பச்சை மிச்சங்களையும் பன்றிக்குப் போகிற கழிவுத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சமைத்ததை நம் வெயிலுக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் நடுவில் குமிழி வரக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். முதலில் மொண்டு வைத்தீர்களே அந்தக் கொழுப்பு, அதை வடிகட்டிச் சின்னப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் மாதிரி உறையும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். அந்தக் கத்தரிக்காயை நாலாகப் பிளந்து, இந்தக் கொழுப்பில் ஒரு கரண்டி விட்டு, உப்பு, மிளகாய்த்தூள் மட்டும் போட்டு வதக்கிப் பாருங்கள்.