'ஆந்திழேன்' என்றால் பூர்வகுடி இல்லை

ரஷீத் பூஷாரெப் இயக்கி 2006-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'ஆந்திழேன்'. இரண்டாம் உலகப் போரில் பிரான்சை மீட்கப் போய், அந்த பிரான்சின் படைக்குள்ளேயே இரண்டாந்தர ஆட்களாக நடத்தப்பட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தலைப்புக்குப் பொருள் 'பூர்வகுடிகள்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, இப்போது அதுவே சரியான மொழிபெயர்ப்பு போல ஆகிவிட்டது. அது தப்பு. சின்னத் தப்பும் இல்லை, படம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதையே மறைக்கிற தப்பு.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'இந்து' என்றால் உள்ளே, 'கென்' என்பது பிறத்தலைக் குறிக்கும் வேர். இரண்டும் சேர்ந்து 'இந்திகெனா', அந்த இடத்திலேயே பிறந்தவர். இந்தியாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அகராதியில் இவ்வளவுதான் இருக்கும்.

ஆனால் பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவில் இந்தச் சொல்லுக்குச் சட்டம் வேறு பொருள் கொடுத்தது. 1865-இல் வந்த ஆணைப்படி அல்ஜீரிய முஸ்லிம் 'பிரெஞ்சுக்காரர்'தான், ஆனால் குடியுரிமை பெற்றவர் இல்லை. குடியுரிமை வேண்டுமானால் தன் சமயச் சட்டத்தை விட்டுவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். 1881-இல் ஆந்திழேன்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல் அதிகாரியே அபராதம் போடலாம், உள்ளே தள்ளலாம். அதே அல்ஜீரியாவில் பிறந்து வளர்ந்த ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளை யாரும் ஆந்திழேன் என்று சொல்லவில்லை. அவர்களும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே? அப்படியானால் இந்தச் சொல் பிறந்த மண்ணைக் குறிக்கவில்லை, ஆளப்படுகிறவன் என்ற தகுதியைக் குறிக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. படத்தில் வரும் சார்ஜன்ட் மார்த்தினேஸ் அப்படிப்பட்ட குடியேறிக் குடும்பத்து ஆள்தான். அவன் ஒரு அரபுப் பெண்ணின் படத்தை ஒளித்து வைத்திருக்கிறான், அது அவனுடைய தாய். அதைப் பார்த்துவிட்டு, நாம் ஒரே ஆட்கள் என்கிற பிரியத்தோடு பேச வருகிற அல்ஜீரியச் சிப்பாய் சயீத்மீது அவன் வெறியோடு பாய்கிறான். 'பூர்வகுடி' என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் அந்த ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. அம்மா யார் என்பது வெளியே தெரிந்தால் அவன் எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வி வரும், அதுதான் அவன் பயம்.

பூர்வகுடி எப்படி உள்ளே வந்தது? ஆங்கிலம் வழியாக. ஆங்கிலத்தில் 'இண்டிஜினஸ்' என்ற சொல் இருக்கிறது, அதற்குத் தமிழில் பூர்வகுடி, பழங்குடி, தொல்குடி என்று ஏற்கெனவே வழங்குகிறோம், பிரெஞ்சுச் சொல்லும் பார்க்க அதே மாதிரி இருக்கிறது, எடுத்து ஒட்டியாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குழப்பத்தைச் செய்யவில்லை. 2007-இல் ஐக்கிய நாடுகள் அவை பூர்வகுடி மக்களின் உரிமைகளுக்கான பிரகடனத்தை நிறைவேற்றியபோது, அதன் பிரெஞ்சு வடிவத்தில் இருப்பது 'ஒத்தொக்தோன்' என்ற வேறு சொல். காலனி ஆட்சியின் கறை படிந்த 'ஆந்திழேன்' அங்கே இல்லை. மூல மொழியே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் ஏன் ஒன்றாகக் கலக்க வேண்டும்?

'மண்ணின் மைந்தர்கள்' என்று மொழிபெயர்த்தால் இதைவிட மோசம். நம் ஊரில் அது மேடையில் முழங்குகிற சொல், உரிமை கேட்கிறவன் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிற பெருமை. ஆந்திழேன் என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு வைத்த பெயர். தலைப்பில் இருக்கிற அவமானத்தை எடுத்துவிட்டு மாலை போட்டு அனுப்புகிற வேலை இது.

'சுதேசி' பரவாயில்லை. சுதேச சமஸ்தானங்கள் என்று சொன்ன காலத்தில் 'நேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் இடத்தில்தான் அது நின்றது. ஆனால் 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய பிறகு அந்தச் சொல்லில் இழிவைத் தேடினால் கிடைக்காது. நல்லதுதான், ஆனால் நம் வேலைக்கு ஆகாது. 'நேட்டிவ்' என்றே போடலாம் என்றால், இன்றைக்குத் தமிழில் அதற்குச் சொந்த ஊர் என்று பொருள்.

சரி, அப்புறம் என்னதான் சொல்வது? தமிழில் இந்த வேலையைப் பல காலமாகச் செய்துவருகிற ஒரு சொல் இருக்கிறது: நாட்டு. சீமை ஓடு, நாட்டு ஓடு. சீமைச் சரக்கு, நாட்டுச் சரக்கு. நாட்டு வைத்தியர், நாட்டுத் துப்பாக்கி, நாட்டு வெடிகுண்டு. கப்பலில் வந்தது உசத்தி, இங்கே இருப்பது மட்டம் என்ற காலனிக் காலத்துத் தராசு இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. தனித்தமிழ் வேண்டும் என்பவர்களுக்கும் குறை இல்லை, 'பூர்வ' வடசொல், 'நாட்டு' சுத்தமான தமிழ். நாட்டுக்கோழிக்கு இப்போது விலை அதிகம், அதனால் சொல்லுக்கும் மதிப்பு ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், ஆனால் பக்கத்தில் 'சிப்பாய்' என்று சேர்த்தால் பொருள் தன் இடத்துக்கு வந்துவிடும். நாட்டுச் சிப்பாய்கள். படத்தின் தலைப்புக்கு நான் வைப்பது இதுதான்.

'வீரர்' என்று போடாமல் 'சிப்பாய்' என்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளைக்காரப் படையாளை நாம் சிப்பாய் என்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே சொல்தாது வேறு, சிப்பாய் வேறு: முன்னவர் பிரெஞ்சுக்காரர், பின்னவர் இந்த ஊர் ஆள். இன்னும் ஒன்று, பிரெஞ்சுப் படையில் வட ஆப்பிரிக்கக் குதிரைப்படையாளுக்குப் பெயர் 'ஸ்பாஹி'. அதுவும் நம் சிப்பாயும் 'சிபாஹி' என்ற ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது எல்லாரையும் 'வீரர்கள்' ஆக்கிவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தப் போர்ப் படமானாலும் வீரர், தியாகம், மண், மானம் என்று நாலு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் படத்தில் சண்டையைவிட முக்கியமான காட்சி கப்பலில் சாப்பாட்டு வரிசையில் வருகிறது. தக்காளி பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும், ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குக் கிடையாது. அல்ஜீரியச் சிப்பாய் அப்தெல்காதர் அந்தத் தக்காளியைக் கீழே போட்டு மிதிக்கிறான். அவன் பூர்வகுடி என்பதற்காக யாரும் தக்காளியை மறுக்கவில்லை. செனகல்காரரும் அல்ஜீரியரும் மொராக்கோக்காரரும் ஒரே குடியா என்ன? அவர்களை ஒன்றாக்கியது தட்டில் என்ன விழும், யாருக்கு விடுப்பு, யாருக்குப் பதவி உயர்வு என்று முடிவு செய்த அந்த 'நாட்டு' முத்திரைதான். போர் முடிந்தும் அது போகவில்லை. விடுதலை பெற்ற காலனிகளைச் சேர்ந்த பழைய சிப்பாய்களின் ஓய்வூதியத்தை பிரான்ஸ் 1959-இல் சட்டம் போட்டு அப்படியே உறைய வைத்தது, அதை பிரெஞ்சுக்காரர்களின் ஓய்வூதியத்துக்கு இணையாக ஆக்குவதாக அரசு அறிவித்தது இந்தப் படம் திரைக்கு வந்த 2006-இல்தான். ஓய்வூதியம் குறைந்ததற்கு 'பூர்வகுடி' என்ற சொல்லில் எந்த விளக்கமும் இல்லை, 'நாட்டுச் சிப்பாய்' என்றால் விளக்கமே தேவையில்லை.