ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு என்ன செய்கிறது?

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இடுப்பில் கை வைத்துக் காட்டுவார்கள். அங்கே கையில் தட்டுப்படுவது இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. மூட்டு அதற்கும் கீழே, வயிறும் தொடையும் சேரும் மடிப்புக்குப் பின்னால், சதைக்குள் ஆழமாகக் கிடக்கிறது. அதனால்தான் மூட்டுக் கோளாறு பலருக்குத் தொடை இடுக்கில் வலிக்கிறது. சிலருக்கு முழங்காலிலேயே வலிக்கும், இரண்டு மூட்டுக்கும் போகும் நரம்புகளில் சில ஒன்றுதான். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தும் காரணம் தெரியவில்லை என்றால், இடுப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தை பிறக்கும்போது ஒவ்வொரு பக்க இடுப்பெலும்பும் மூன்று துண்டுகளாக இருக்கும். மூன்றும் சந்திக்கும் இடம்தான் மூட்டின் கிண்ணம், தொடையெலும்பின் பந்து போன்ற தலை உட்காருவது இதற்குள்தான், அங்கே குருத்தெலும்பு நிரம்பியிருக்கும், பதின்பருவத்தில்தான் அது எலும்பாகி மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. பின்னால் ஐந்து முதுகெலும்புகள் இணைந்து உருவான திரிக எலும்பு, முன்னால் ஒரு குருத்தெலும்பு இணைப்பு, ஆக மொத்தம் ஒரு மூடிய வளையம்.

சரி, இப்போது எழுந்து நில்லுங்கள். தொடையின் வெளிப்பக்கம், மேலே, கெட்டியாக ஒரு எலும்பு முட்டு கைக்குத் தெரியும். அது தொடையெலும்பின் ஒரு பகுதி. அதற்குச் சற்று மேலே கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அந்தக் காலில் மட்டும் நில்லுங்கள். கைக்கு அடியில் சதை இறுகுவது தெரிகிறதா? அதன் பெயர் குளூட்டியஸ் மீடியஸ். மற்ற காலைத் தூக்கியதும் உடம்பின் எடை முழுக்கத் தூக்கிய காலின் பக்கமாகச் சாயப் பார்க்கிறது, இந்தத் தசைதான் இடுப்பெலும்பை வெளியிலிருந்து கீழ்நோக்கி இழுத்துச் சாயாமல் பிடிக்கிறது. நடை என்பதே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பதுதான், ஆகவே ஒவ்வொரு அடிக்கும் இந்த வேலை உண்டு. தசை பலவீனமானால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொய்ந்து இறங்கும். இதை 1895-இல் விளக்கியவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க், இப்படி ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கும் அவர் பெயர்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு இந்த மூட்டிலேயே மிகவும் பிடித்த விஷயம் அது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊன்றிய காலைக் கழித்தால் மூட்டின் மேல் இருப்பது சுமார் 50 கிலோ. அந்த எடை மூட்டிலிருந்து இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதி தூரத்தில்தான் தசை இருக்கிறது, எனவே அது இரண்டு மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கிண்ணம் தாங்குவது 150 கிலோ, உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு!

தொடையெலும்பின் கழுத்து, அதாவது பந்தையும் எலும்பின் தண்டையும் இணைக்கும் பகுதி, வெளிப்பக்கம் நீண்டிருப்பதால்தான் தசைக்கு அந்தப் பாதி தூரமாவது கிடைக்கிறது. ஆனால் பந்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய்கள் இதே கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. வயதானவர் விழுந்து கழுத்து முறிந்து எலும்பு விலகினால் குழாய்களும் அறுபடலாம், ரத்தம் கிடைக்காத பந்து செத்துப்போகும். பல முறிவுகளில் எலும்பைப் பொருத்திச் சேர்க்காமல் செயற்கைப் பந்தை வைப்பது இதனால்தான்.

அப்புறம், கைத்தடி. வலது இடுப்பு வலித்தால் தடியை வலது கையில் பிடிக்கத்தான் தோன்றும், ஆனால் பிடிக்க வேண்டியது இடது கையில். இடது கை வலது மூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால், அங்கே தடியை லேசாக ஊன்றினாலே எடை சாய்வது பெருமளவு குறைகிறது, தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் மேல் விழும் சுமையில் பல கிலோ இறங்கிவிடும். வலிக்கும் காலை எடுத்து வைக்கும்போது தடியும் கூடவே முன்னால் போக வேண்டும்.