வீட்டின் அழகுக்கு வங்கி கடன் தராது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம் பக்கம் பழைய ஓட்டு வீட்டை விற்க வருபவர்கள் முதலில் மரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். "தேக்கு உத்தரம் சார், அயினிக் கழுக்கோல். இப்ப இதெல்லாம் கிடைக்குமா?" கிடைக்காதுதான் (அயினி ஒரு மரம்; கழுக்கோல் என்பது ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்). ஆனால் வங்கிக்கு நான் எழுதும் மதிப்பீட்டு அறிக்கையில் அந்தப் பெருமைக்குப் பெரிய இடம் இல்லை.

சென்ட் கணக்கில் நிலத்தின் விலை, கூடவே கட்டடத்தின் விலை. கணக்கு அவ்வளவுதான். அதே வீட்டை இன்று கட்ட என்ன ஆகும் என்று பார்த்து, வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்போம். 80 ஆண்டு ஆயுள், முடிவில் 10 சதவீதம் மிச்சம் என்று வைத்தால், 40 ஆண்டான கான்கிரீட் வீட்டுக்கு 45 சதவீதம் கழிந்துவிடும். தாத்தா காலத்து ஓட்டு வீட்டுக்குக் கிட்டத்தட்ட அந்தக் கடைசி 10 சதவீதம்தான் நிற்கும்.

சரி, வீடு பிடித்துப்போனவர் கூடுதலாகக் கொடுக்க மாட்டாரா? கொடுப்பார், கையில் பணம் இருந்தால். கேட்கும் விலை 60 லட்சம், மதிப்பீடு 48 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு 80 சதவீதம். அதையும் வங்கி மதிப்பீட்டின் மேல்தான் போடும். ஆகக் கிடைப்பது அதிகபட்சம் 38 லட்சத்து 40 ஆயிரம். மீதி 21 லட்சத்து 60 ஆயிரத்தையும், அதற்கு மேல் பத்திரச் செலவையும் கையிலிருந்து போட வேண்டும். தக்கலை பக்கத்தில் மரவேலைக்குப் பெயர்போன பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். இந்த மீதியைப் புரட்டக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். பழைய வீடுகள் விற்க நாளாவதும், கடைசியில் இடித்து மரத்தைத் தனியாக விற்பதும் இதனால்தான்.

வாங்குபவருக்கு ஒன்று சொல்வேன். கழுக்கோலை நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது சுவரில் உட்காரும் முனையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஓடு விலகி மழைநீர் இறங்குவதும், செதல் (கரையான்) ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். முனை உறுதியாக இருந்தால் விலை பேசலாம்.

புது வீடுகளின் கதை வேறு. மார்த்தாண்டம், நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் 'கேரளா மாடல்' கேட்காத ஆளில்லை. சரிவான கான்கிரீட், மேலே ஒட்டிய ஓடு. வாசலில் பார்க்க நன்றாக இருக்கும், வீடு பார்க்க ஆளும் சீக்கிரம் வரும். அது உண்மை. ஆனால் பக்கத்துத் தெருவில் அதே அளவு சாதாரண வீடு என்ன விலைக்குப் போனதோ, அதை விட்டு வெகுதூரம் இதன் விலை ஏறாது. எலிவேஷனுக்கு, அதாவது முகப்பு அழகுக்குப் போட்ட காசு முழுதாகத் திரும்பும் என்று காண்டிராக்டர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் நீர்க்காப்பு சரியாகச் செய்யாவிட்டால், கீழே மாடி அறையின் மூலையில் பெயிண்ட் உப்பி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அறிக்கையில் அதைக் கட்டாயம் எழுதுவோம், விலையும் இறங்கும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் அலங்கார இரும்புச் சட்டங்களை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிடும்.

எந்த பாணி வீடானாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் தனியாக ஒரு மதிப்பீடு வாங்கிவிடுங்கள். வங்கி மதிப்பீடு குறைந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். புரோக்கர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.